செல் சுழற்சி: உள்ளே ஓடுவது கடிகாரமா, ஒவ்வொரு கட்டத்திலும் நடக்கும் சோதனையா?

தேன்மொழி

வணக்கம். நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஜி1 (வளர்ச்சி), எஸ் (டிஎன்ஏ நகலெடுப்பு), ஜி2 (பிரிவதற்கான தயாரிப்பு), எம் (பிரிவு) என்ற வரிசை மனப்பாடம் ஆகிவிட்டது, நான்கு நிலைகளின் படமும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவேன். ஆனால் அடிப்படையான ஒன்று பிடிபடவில்லை. ஒரு கட்டம் முடிந்தது, அடுத்ததைத் தொடங்கலாம் என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது? உள்ளே ஏதாவது கடிகாரம் ஓடி நேரத்தைச் சொல்கிறதா, இல்லை முந்தைய வேலை முடிந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறதா? புத்தகத்தில் "சைக்ளின்கள் கட்டுப்படுத்துகின்றன" என்று ஒரே வரிதான் இருக்கிறது. அந்தச் சைக்ளினை எது கட்டுப்படுத்துகிறது?

கூடவே ஒரு சின்னச் சந்தேகம். மனிதச் செல்லில் எஸ் கட்டம் முடிந்ததும் குரோமோசோம் எண்ணிக்கை 46ஆ, 92ஆ? ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

கதிரவன்

சின்னச் சந்தேகத்தை முதலில் முடித்துவிடுவோம். எஸ் கட்டம் முடிந்த பிறகும் 46தான். எண்ணும்போது சென்ட்ரோமியரை, அதாவது இரண்டு நகல்களும் ஒட்டியிருக்கும் இடத்தை வைத்து எண்ண வேண்டும். ஒட்டியிருக்கும் இரண்டு குரோமாட்டிட்களும் (நகல்களும்) சேர்ந்து ஒரே குரோமோசோம். டிஎன்ஏ அளவுதான் இரட்டிப்பாகியிருக்கும். அனாஃபேஸில் அவை பிரிகிற கணத்தில் செல்லுக்குள் 92 இருக்கும், செல் இரண்டானதும் ஆளுக்கு 46.

பெரிய கேள்விக்கு என் பதில்: வேலை முடிந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறது. வெறும் நேரத்தை நம்பி ஓடினால், டிஎன்ஏ பாதி நகலான நிலையில் செல் பிளந்துவிடும்.

மேகலை

கதிரவன், உங்கள் பதில் பெரும்பாலான செல்களுக்குப் பொருந்தும். ஆனால் தவளை முட்டை அதற்கு ஒத்துவராது. இந்தக் கேள்வியை வகுப்பில் எப்போதும் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

ஸெனோபஸ் தவளையின் முட்டை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுப் பெரியது, வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். கருவுற்றதும் முதல் பிரிவுக்கு ஒன்றரை மணி நேரம்போல ஆகும். அப்புறம் சுமார் 30 நிமிடத்துக்கு ஒரு பிரிவு என்று மளமளவென்று போகும். ஜி1 கிடையாது, ஜி2 கிடையாது, வளர்ச்சியும் கிடையாது. நகலெடு, பிரி, நகலெடு, பிரி. 12 சுற்று முடிவதற்குள் கிட்டத்தட்ட 4000 செல்கள் வந்துவிடும், மொத்தப் பருமன் மட்டும் மாறாது.

ஒவ்வொரு பிரிவுக்கும் முன்னால் முட்டையின் மேற்பரப்பில் ஒரு சுருக்க அலை ஓடும். 1980இல் ஹாரா, டைட்மேன், கிர்ஷ்னர் மூவரும் அந்த முட்டையை இறுக்கி இரண்டு துண்டாக்கினார்கள். ஒரு துண்டில் உட்கரு இருந்தது, மற்றதில் இல்லை. உட்கரு இல்லாத துண்டால் பிரிய முடியாது, நகலெடுக்க அதில் குரோமோசோமே கிடையாது. ஆனால் அந்தத் துண்டின் மேற்பரப்பிலும் அதே இடைவெளியில் அந்த அலை வந்துகொண்டே இருந்தது. எந்த வேலையும் நடக்காத இடத்தில், வேலை முடிந்ததா என்று பார்க்க என்ன இருக்கிறது? சைட்டோபிளாசத்துக்குள் ஏதோ ஒன்று தானாகவே ஓடுகிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

நிலவன்

மேகலை மேடம் சொன்ன சோதனை எனக்கும் மிகவும் பிடித்தது. ஆனால் அதை வைத்து "செல் சுழற்சி ஒரு கடிகாரம்" என்று தேன்மொழி எழுதிக்கொண்டு போனால் பாதிதான் கிடைக்கும். நான் ஆய்வகத்தில் ஈஸ்ட் வைத்து வேலை பார்க்கிறவன், அந்தப் பக்கத்தையும் சொல்கிறேன்.

லேலண்ட் ஹார்ட்வெல் ரொட்டி ஈஸ்டில் செல் சுழற்சி நின்றுபோகும் திரிபுகளை 1970 வாக்கில் தேடத் தொடங்கினார். ஈஸ்டில் ஒரு வசதி: மொட்டின் அளவைப் பார்த்தே செல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஒரு ஜீன் பழுதானால் செல்கள் எல்லாம் ஒரே அளவு மொட்டோடு, ஒரே இடத்தில் நிற்கும். முந்தைய வேலை முடியாவிட்டால் அடுத்தது தொடங்காது என்பதை அங்கே கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆனால் ஏன் தொடங்குவதில்லை? முந்தையது முடியாவிட்டால் அடுத்ததை இயற்பியல்ரீதியாகவே தொடங்க முடியாதா, அல்லது முடியும், ஆனால் யாரோ பிடித்து நிறுத்துகிறார்களா? 1988இல் வைனெர்ட்டும் ஹார்ட்வெல்லும் செய்த சோதனையை இதற்காகவே படிக்க வேண்டும். எக்ஸ் கதிர் பட்டு டிஎன்ஏ உடைந்த ஈஸ்ட், ஜி2வில் நின்று உடைப்பைச் சரிசெய்துவிட்டு அப்புறம் பிரியும். ராட்9 என்ற ஜீன் பழுதான ஈஸ்ட் நிற்காது. உடைந்த குரோமோசோமோடு நேராகப் பிரிந்து, சில தலைமுறைக்குள் செத்துப்போகும். ஆக, அடுத்த கட்டத்துக்குப் போக *முடியும்*. ராட்9 இருக்கும் செல்லில் அதைத் தடுத்து வைப்பது ஒரு தனி ஏற்பாடு.

இதற்கு மேல் அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். கதிர் பட்ட ராட்9 திரிபுச் செல்களை, நுண்குழல்களை (பிரியும்போது குரோமோசோம்களைப் பிடித்து இழுக்கும் இழைகள்) கலைக்கும் ஒரு மருந்தைப் போட்டுச் சில மணி நேரம் பிரியவிடாமல் நிறுத்தி வைத்தார்கள். மருந்தை எடுத்ததும், சாக வேண்டிய செல்களில் பல பிழைத்துக்கொண்டன! அவற்றுக்குப் பழுது பார்க்கத் தெரியாமல் இல்லை. பழுது பார்க்க நேரம்தான் கிடைக்கவில்லை. செக்பாயிண்ட், அதாவது பழுது இருந்தால் சுழற்சியை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு, என்பது என்ன என்று எனக்குப் புரிந்தது இந்த ஒரு சோதனையில்தான்.

தேன்மொழி

மேடம், அண்ணா, இரண்டையும் இரண்டு முறை படித்தேன். இரண்டுமே சரி என்றுதான் தோன்றுகிறது, ஆனால் இரண்டும் எப்படி ஒரே செல்லுக்குள் இருக்கும்? தவளை முட்டை எதையும் பார்க்காமல் ஓடுகிறது, ஈஸ்ட் நின்று பார்க்கிறது. இரண்டுக்கும் வேறு வேறு இயந்திரமா?

மேகலை

ஒரே இயந்திரம்தான், தேன்மொழி. நீ முதலில் கேட்ட "சைக்ளினை எது கட்டுப்படுத்துகிறது" என்பதற்குப் பதில் சொன்னால் இதுவும் சேர்ந்து விளங்கும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

1982இல் டிம் ஹன்ட் வுட்ஸ் ஹோலில் கடல் முள்ளெலி முட்டைகளை வைத்து, கருவுற்ற பிறகு எந்தப் புரதங்கள் புதிதாக உருவாகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். கதிரியக்க மெத்தியோனைனைக் கொடுத்து, சில நிமிடங்களுக்கு ஒரு முறை மாதிரி எடுத்து, ஜெல்லில் ஓடவிடுவது. எல்லாப் புரதப் பட்டைகளும் நேரம் போகப் போக அடர்ந்துகொண்டே போயின. ஒரே ஒரு பட்டை மட்டும் அடர்ந்து வந்து, செல் பிரியும் நேரத்தில் சட்டென்று காணாமல் போனது. அடுத்த சுற்றில் மறுபடி வந்தது, மறுபடி போனது. செல் ஒரு புரதத்தைக் குறித்த நேரத்தில் வேண்டுமென்றே அழிக்கிறது என்பது அப்போது யாரும் எதிர்பார்க்காத விஷயம். அதுதான் சைக்ளின்.

சைக்ளின் தனியாக எதுவும் செய்யாது. சிடிகே1 என்ற நொதியோடு சேர்ந்தால்தான் அந்த நொதி வேலை செய்யும், செல் எம் கட்டத்துக்குள் போகும். பால் நர்ஸ் பிளவு ஈஸ்டில் கண்டுபிடித்த ஜீனும் இதே நொதிக்கானதுதான். அவருடைய குழு 1987இல், அந்த ஜீன் பழுதான ஈஸ்டுக்குள் மனித ஜீன்களைச் செலுத்திப் பார்த்தது. மனிதனின் சிடிகே1 ஜீன் கிடைத்த ஈஸ்ட் பிரியத் தொடங்கிவிட்டது. நமக்கும் ஈஸ்டுக்கும் பொது மூதாதை இருந்து நூறு கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது, அந்த ஜீன் இன்னும் இடம் மாற்றிப் போட்டாலும் வேலை செய்கிறது. எத்தனை முறை பாடம் எடுத்தாலும் இந்த இடத்தில் எனக்கு வியப்பு குறைவதே இல்லை. ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் மூவருக்கும் 2001இல் நோபல் கிடைத்தது.

இப்போது கடிகாரம். செல்லில் சைக்ளின் சேரச் சேர சிடிகே1 விழித்துக்கொள்கிறது. விழித்த சிடிகே1, ஏபிசி என்ற இன்னொரு புரதக் கூட்டத்தைத் தூண்டுகிறது. ஏபிசி, சைக்ளினுக்கு யுபிக்விட்டின் என்ற அடையாளத்தை ஒட்டிவிடுகிறது, அது ஒட்டிய சைக்ளின் அழிக்கப்படுகிறது. சைக்ளின் போனதும் சிடிகே1 அடங்குகிறது, ஏபிசியும் அடங்குகிறது, சைக்ளின் மறுபடி சேரத் தொடங்குகிறது. தன்னை அழிப்பதைத் தானே தூண்டுவதால், வெளியிலிருந்து யாரும் நேரம் சொல்லாமலே இது சுற்றும்.

1989இல் மர்ரேவும் கிர்ஷ்னரும் இதை நேரடியாகவே காட்டினார்கள். தவளை முட்டைச் சாற்றில் இருந்த எம்ஆர்என்ஏ (புரதம் செய்வதற்கான குறிப்பு) முழுவதையும் அழித்துவிட்டு, சைக்ளினுக்கான எம்ஆர்என்ஏவை மட்டும் சேர்த்தார்கள். சோதனைக் குழாய்க்குள் இருந்த உட்கருக்கள் இறுகிப் பிரியும் நிலைக்குப் போயின, தளர்ந்து திரும்பின, மறுபடி இறுகின. பிறகு அழிக்கவே முடியாதபடி வெட்டிய சைக்ளினைக் கொடுத்தபோது எல்லாம் எம் கட்டத்துக்குள் போய் அங்கேயே மாட்டிக்கொண்டன. நுழைவதற்குச் சைக்ளின் சேர வேண்டும், வெளியே வருவதற்கு அது அழிய வேண்டும்.

நிலவன் சொன்ன செக்பாயிண்டுகள் இதற்குப் போட்டியான இன்னொரு இயந்திரம் இல்லை. இதே சக்கரத்தை அங்கங்கே பிடித்து நிறுத்தும் கைகள். மனிதச் செல்லில் டிஎன்ஏ உடைந்திருந்தால் சிடிகே1ஐ விழிக்கவிடாமல் பிடிக்கும். குரோமோசோம் சரியாக மாட்டவில்லை என்றால் ஏபிசியைப் பிடிக்கும். தவளையின் தொடக்கக் கருவில் அந்தக் கைகளுக்குப் போதிய வலு இல்லை. இவ்வளவு பெரிய சைட்டோபிளாசத்தில் ஒன்றிரண்டு உட்கரு கொடுக்கும் எச்சரிக்கை கரைந்து போய்விடுகிறது. முட்டைச் சாற்றில் உட்கருக்களை நெருக்கமாகச் சேர்த்தால் அதே செக்பாயிண்ட் வேலை செய்கிறது.

நிலவன்

> குரோமோசோம் சரியாக மாட்டவில்லை என்றால் ஏபிசியைப் பிடிக்கும்

இந்த வரியை மேடம் வேகமாகக் கடந்துவிட்டார். என்னைக் கேட்டால் செல் பிரிவில் இதைவிட அழகான இடம் இல்லை.

மனிதச் செல்லில் மெட்டாஃபேஸ் தட்டில், அதாவது பிரிவதற்கு முன் குரோமோசோம்கள் வரிசையாக நிற்கும் நடுப்பகுதியில், 46 குரோமோசோம்கள், 92 கைனெட்டோகோர்கள் (இழை வந்து மாட்டும் இடங்கள்). ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று செல்லின் இந்தத் துருவத்து இழையோடும், மற்றது எதிர்த் துருவத்து இழையோடும் மாட்ட வேண்டும். இழைகள் நீண்டும் சுருங்கியும் துழாவித்தான் பிடிக்கின்றன. அதனால் ஒன்று முன்னே பின்னே ஆகும், சில சமயம் இரண்டுமே ஒரே பக்கத்து இழையில் மாட்டிக்கொள்ளும். எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. இந்த இடத்தைக் கடிகாரத்திடம் விட்டால் அழிவுதான்.

மாட்டாத கைனெட்டோகோர் ஒவ்வொன்றும் "நில்" என்று ஒரு சைகையைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். ஒன்றே ஒன்று மாட்டாமல் இருந்தாலும் மொத்தச் செல்லும் காத்திருக்கும். இதை ரீடரும் கூட்டாளிகளும் 1995இல் சோதித்த விதத்தைப் பாருங்கள். சிறிய கங்காரு இனம் ஒன்றின் சிறுநீரகச் செல்கள், பிரியும்போதும் தட்டையாகவே இருக்கும், குரோமோசோம்களும் குறைவு. கடைசியாக ஒரே ஒரு குரோமோசோம் மட்டும் மாட்டாமல் துருவத்தருகே நிற்கும் செல்லைத் தேடிப்பிடித்து, அந்தக் கடைசிக் கைனெட்டோகோரை மட்டும் லேசரால் சுட்டு அழித்தார்கள். குரோமோசோம் இன்னும் தட்டுக்கு வந்து சேரவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் செல் அனாஃபேஸைத் தொடங்கிவிட்டது. குரோமோசோம் எங்கே நிற்கிறது என்பதைச் செல் பார்ப்பதில்லை, "நில்" என்று சொல்ல இன்னும் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்பதைத்தான் பார்க்கிறது.

அதே ஆண்டு லீயும் நிக்லஸும் கும்பிடுபூச்சியின் விந்தணு உருவாக்கும் செல்களில் (அது மியாசிஸ், குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் பிரிவு) இன்னொன்று செய்தார்கள். ஒரு குரோமோசோம் சரியாக மாட்டாததால் செல் மணிக்கணக்கில் நிற்கிறது. மெல்லிய கண்ணாடி ஊசியை உள்ளே விட்டு அந்தக் குரோமோசோமைப் பிடித்து இழுத்தார்கள், இரண்டு பக்கமும் இழுவிசை இருப்பதுபோல. செல் அதை நம்பிப் பிரியத் தொடங்கிவிட்டது. இழுவிசை இருந்தால் சரியாக மாட்டியிருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

கடைசிக் கைனெட்டோகோரும் மாட்டிய பிறகுதான் ஏபிசிக்கு விடுதலை. அது செக்யூரினை அழிக்கும், செக்யூரின் பிடியில் இருந்த செபரேஸ் என்ற நொதி வெளியே வரும், குரோமாட்டிட்களைக் கட்டி வைத்திருந்த கோஹீசின் வளையத்தை வெட்டும். அந்தக் கணத்தில்தான் 46, 92 ஆகிறது.

ஓடம்

நான் உயிரியல் படித்தவன் இல்லை, தேடிக்கொண்டு வந்ததில் இந்த இழை கிடைத்தது. என் அம்மாவுக்கு நிணநீர்ப் புற்றுநோய். கொடுக்கும் மருந்துகளில் வின்கிறிஸ்டின் ஒன்று. செல் பிரிவதை நிறுத்தும் மருந்து என்று சொன்னார்கள். இப்போது அம்மாவுக்குக் கால் விரல்கள் மரத்துப்போகின்றன. நரம்புச் செல் பிரிவதே இல்லை என்று படித்தேன். பிரியாத செல்லை இந்த மருந்து ஏன் தொட வேண்டும்?

பாரி

ஓடம், அம்மா நலமாக வேண்டும். புற்றுநோய் மருந்துகள் கையாளும் இடத்தில் மருந்தாளுநராக இருக்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வின்கிறிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருவது. அது டியூபுலின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, அது நுண்குழல்களாகச் சேரவிடாமல் செய்கிறது. நிலவன் மேலே சொன்ன இழைகள் இந்த நுண்குழல்கள்தான். இழை இல்லையென்றால் கைனெட்டோகோர்கள் மாட்டாது, "நில்" சைகை ஓயாது, செல் எம் கட்டத்திலேயே நெடுநேரம் மாட்டிக்கொண்டு பெரும்பாலும் செத்துப்போகும். மருந்து செல்லின் சோதனை முறையையே அதற்கு எதிராகப் பயன்படுத்துகிறது.

ஆனால் நுண்குழல்கள் பிரிவதற்கு மட்டும் உரியவை இல்லை. நரம்புச் செல்லில் உடல் பகுதியில் உருவாகும் பொருள்கள் நுனிவரை போய்ச் சேருவது அவற்றின் வழியாகத்தான். கால் விரலுக்குப் போகும் நரம்பிழையின் செல் உடல் கீழ் முதுகருகே இருக்கிறது. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தூரம், வேகமான போக்குவரத்துக்கே இரண்டு மூன்று நாள் ஆகும். வழி சேதமானால் முதலில் தட்டுப்பாடு வருவது மிக நீளமான நரம்புகளின் நுனியில். அதனால்தான் கால் விரல், கைவிரல் என்று தொடங்குகிறது.

அடுத்த டோஸுக்கு முன்னால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சட்டைப் பொத்தான் போடச் சிரமம், நடக்கும்போது கால் தடுக்குவது, கடுமையான மலச்சிக்கல், இவை இருந்தாலும் சொல்லுங்கள். அதையெல்லாம் கேட்டுத்தான் அளவைக் குறைப்பதா, நிறுத்தி வைப்பதா என்று முடிவு செய்வார்கள். பல பேருக்கு மருந்து முடிந்த பிறகு மெல்ல மெல்லக் குறைகிறது.

ஓடம்

இவ்வளவு விவரமாக யாரும் சொல்லவில்லை. நன்றி பாரி. பொத்தான் விஷயம் இருக்கிறது, நாளையே பேசுகிறேன்.

கதிரவன்

பாரி சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். புற்றுநோய்ச் செல் "மற்ற செல்களைவிட வேகமாகப் பிரிகிறது" என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள், அது பொதுவாக உண்மை இல்லை. குடலின் உள்படலம் சில நாளுக்கு ஒருமுறை முழுதாகப் புதுப்பிக்கப்படுகிறது, எலும்பு மஜ்ஜையும் அப்படித்தான் உழைக்கிறது. பல கட்டிகளின் செல்கள் இவற்றைவிட மெதுவாகத்தான் பிரிகின்றன. பிரச்சினை வேகத்தில் இல்லை, நிற்க மறுப்பதில். வளர்ச்சிக் காரணிகள் வந்தால்தான் ஜி1ஐத் தாண்ட வேண்டும் என்ற கட்டுப்பாடு போய்விடுகிறது, டிஎன்ஏ உடைந்தால் நிறுத்தும் பி53 என்ற புரதம் மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் பழுதாகியிருக்கிறது.

நிலவனிடம் ஒரு கேள்வி. ஈ.கோலை நல்ல ஊட்டத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரிகிறது. ஆனால் அதன் டிஎன்ஏவை ஒரு முறை நகலெடுக்கவே 40 நிமிடம் ஆகும். இது எப்படிச் சாத்தியம்?

நிலவன்

முதல் நகல் முடிவதற்குள்ளேயே அடுத்ததைத் தொடங்கிவிடும். பிறக்கும் பாக்டீரியா, தன் பேத்திக்கான நகலெடுப்பு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் குரோமோசோமோடு பிறக்கிறது.

நம் செல்களால் அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. நம்முடைய முதலாம் குரோமோசோம் சுமார் 25 கோடி டிஎன்ஏ எழுத்து இணைகள் நீளம். நகலெடுக்கும் வேகம் ஒரு முனையில் நொடிக்கு 50 இணை அளவில்தான். ஒரே இடத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் போனால் கிட்டத்தட்ட ஒரு மாதம் பிடிக்கும். எஸ் கட்டம் எட்டு மணி நேரத்தில் முடிவதற்குக் காரணம், செல் முழுவதும் பல்லாயிரம் இடங்களில் தொடங்குவதுதான். அப்போது வருகிற சிக்கல்: ஒவ்வொரு இடமும் ஒரு சுழற்சிக்கு ஒரு தடவைக்கு மேல் தொடங்கிவிடக் கூடாது. ஜி1இல் மட்டுமே அந்த இடங்களில், நகலெடுப்பைத் தொடங்கத் தேவையான எம்சிஎம் புரதங்கள் ஏற்றப்படும், எஸ் தொடங்கிய பிறகு புதிதாக ஏற்ற முடியாது. 1970இல் ராவும் ஜான்சனும் எஸ் கட்டச் செல்லோடு ஜி1 செல்லை இணைத்தபோது ஜி1 உட்கரு முன்கூட்டியே நகலெடுக்கத் தொடங்கியது. ஜி2 செல்லை இணைத்தபோது அந்த உட்கரு அசையவில்லை. அதே சைட்டோபிளாசம், அதே தூண்டல், ஆனால் ஜி2 உட்கருவில் தொடங்குவதற்கான அனுமதி தீர்ந்துபோயிருந்தது.

தேன்மொழி

இப்போது அந்த ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று தெரிகிறது. எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: செய்முறையில் வெங்காய வேர் நுனி வைத்துப் பார்க்கப் போகிறோம். எல்லாம் செத்த செல்கள். அதிலிருந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

மேகலை

எண்ணித்தான். செல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் தனித்தனியே சுற்றிக்கொண்டிருப்பதால், எந்தக் கட்டம் அதிக நேரம் எடுக்கிறதோ அதில்தான் அதிகச் செல்கள் சிக்கும். 1000 செல்லில் 100 செல் எம் கட்டத்தில் இருந்து, முழுச் சுழற்சி 20 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், எம்முக்குச் சுமார் 2 மணி நேரம். இது தோராயம்தான், ஏனென்றால் வேரில் எல்லாச் செல்லும் சுழற்சியில் இருப்பதில்லை. தவிர, பெருகும் கூட்டத்தில் இப்போதுதான் பிறந்த செல்கள் எப்போதும் சற்று அதிகமாகவே இருக்கும்.

ஜி1, எஸ், ஜி2 மூன்றும் மைக்ரோஸ்கோப்பில் ஒரே மாதிரிதான் தெரியும். அவற்றைப் பிரித்துக் காட்டியவர்கள் ஹவர்டும் பெல்க்கும், 1950களின் தொடக்கத்தில், இதேபோல வேர் நுனியில்தான், ஆனால் அவரைக் குடும்பத்துச் செடி ஒன்றில். கதிரியக்கப் பாஸ்பரஸைக் கொடுத்து, எந்த உட்கரு அதை டிஎன்ஏவில் சேர்க்கிறது என்று புகைப்படப் படலத்தில் பதிவு செய்தார்கள். நகலெடுப்பு இடைநிலை (இந்த மூன்று கட்டங்களும் சேர்ந்தது) முழுவதும் நடப்பதில்லை, நடுவில் ஒரு பகுதியில் மட்டும்தான் என்பது அப்படித்தான் தெரிந்தது.

செய்முறையில் ஒன்றைக் கவனி. பிரியும் செல்கள் நுனியின் கடைசி ஓரிரு மில்லிமீட்டரில்தான் இருக்கும், அதற்கு மேலே வெட்டினால் நீண்ட செல்களை மட்டும் பார்த்து ஏமாந்து போவாய். அமிலத்தில் போதுமான நேரம் வைத்தால்தான் செல்கள் பிரிந்து ஒரே அடுக்காகப் பரவும். மூடு வில்லையைக் கட்டைவிரலால் நேராக அழுத்து, பக்கவாட்டில் நகர்த்தாதே. வெங்காயத்தில் 16 குரோமோசோம்தான், நல்ல மெட்டாஃபேஸ் ஒன்று கிடைத்தால் எண்ணிப் பார்த்துவிடலாம்.